மழலையர் வகுப்பில் தொழில்நுட்பம்: ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காகவும், அவர்களுக்குக் கருவி வாங்கித் தரும் நிர்வாகிகளுக்காகவும், அவர்களிடம் கருத்துக் கேட்கப்போகும் ஆய்வு மாணவர்களுக்காகவும் தொகுக்கப்பட்ட கேள்விகள் இவை.

மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா?

இப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. பிள்ளைகள் கட்டைகளால் அடுக்கிய கோபுரத்தைப் போனில் படம் எடுத்து, மறுநாள் அவர்களிடமே காட்டிப் பேசவைக்கும் ஆசிரியர், எழுத்துப் பயிற்சிச் செயலியைக் கண்டால் முகம் சுளிக்கலாம். இரண்டுமே தொழில்நுட்பம்தான். பிள்ளையின் கை செய்ய வேண்டிய வேலையையும் வாய் பேச வேண்டிய பேச்சையும் கருவி பிடுங்கிக்கொள்கிறதா, அல்லது கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஒன்றை எட்டவைக்கிறதா என்று பார்த்துத்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் முடிவெடுக்கிறார்கள்.

ஆகவே, எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை நிமிடம் என்று பிரித்துக் கேளுங்கள். 'எதிர்ப்பாளர்' என்று முத்திரை குத்தப்பட்டவரிடமிருந்தும் மூன்று நான்கு 'சரி' வரும்.

தயக்கத்துக்கு உண்மையான காரணம் என்ன?

தடைகளை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்க்கும் முறையைக் கல்வி ஆய்வாளர் பெக்கி எர்ட்மர் 1999இல் முன்வைத்தார். முதல் அடுக்கில் கருவி, இணையம், நேரம், பயிற்சி, பழுதுபார்க்க ஆள் போன்ற புறத் தடைகள். இரண்டாவது அடுக்கில் 'குழந்தை எப்படிக் கற்கிறது' என்பது பற்றிய ஆசிரியரின் நம்பிக்கைகள். நிர்வாகங்கள் பெரும்பாலும் முதல் அடுக்குக்கு மட்டும் பணம் செலவழித்துவிட்டு, டேப்லெட் அலமாரியில் தூங்குகிறதே என்று வியக்கின்றன.

மழலையர் வகுப்பில் இரண்டாவது அடுக்குக்குக் கனம் அதிகம். மணல், தண்ணீர், களிமண், கட்டை, ஓட்டம், சண்டை, சமாதானம் ஆகியவற்றின் வழியாகத்தான் இந்த வயது கற்கிறது என்று ஆசிரியர் படித்திருக்கிறார், கண்ணாலும் பார்க்கிறார். கண்ணாடித் திரையில் விரல் வைப்பது இதில் எங்கே பொருந்துகிறது என்று அவர் கேட்பது நியாயம். இதை அறியாமை என்று நினைத்து 'விழிப்புணர்வு முகாம்' நடத்தினால் அவர் வாய்மூடிக் கேட்டுவிட்டுப் போவார். வகுப்பில் எதுவும் மாறாது.

ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இன்னொரு கோணம். ஒரு கருவி தன் வேலைக்கு உதவும் என்ற எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் இருந்தால்தான் ஆள் அதைப் பயன்படுத்துவார். ஆனால் அந்த மாதிரி அலுவலகப் பணியாளர்களை மனத்தில் வைத்து எழுந்தது. மழலையர் வகுப்பில் 'எளிது' என்பதற்கு அளவுகோல் வேறு: ஒரு பிள்ளை அழும்போது, இன்னொன்று கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நிற்கும்போது, ஒற்றைக் கையால் அதை நிறுத்திவைக்க முடிகிறதா?

இளம் ஆசிரியர்கள் எளிதில் ஏற்பார்கள், மூத்தவர்கள் மறுப்பார்கள் என்பது சரியா?

வயதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சொந்த வாழ்க்கையில் போனை லாவகமாகக் கையாள்வதும், அதை வைத்து 4 வயதுப் பிள்ளைக்குப் பாடம் அமைப்பதும் வெவ்வேறு திறமைகள். மூத்த ஆசிரியருக்குச் செயலியைத் திறப்பதில் உதவி தேவைப்படலாம். திறந்தபின் அதை எப்போது மூடவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எத்தனை நிமிடம் வரை திரை சரி?

உலக சுகாதார நிறுவனம் 5 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்காக 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படி: 2 வயது நிறையும்வரை திரை பரிந்துரைக்கப்படவில்லை, 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்தபடி பார்க்கும் திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் நல்லது.

இதில் அடிக்கடி தவறவிடப்படும் செய்திகள் இரண்டு. அந்த 1 மணி நேரம் முழு நாளுக்குமானது. வீட்டில் பார்ப்பதும் அதில் சேரும். காலையில் சாப்பிடும்போது அரை மணி, மாலையில் அரை மணி என்று வீட்டிலேயே முடிந்துவிட்டால் வகுப்புக்கு மிச்சமில்லை. அதனால்தான் பல ஆசிரியர்கள் "வீட்டில்தான் போதும் போதும் என்று பார்க்கிறார்களே, இங்கே எதற்கு?" என்கிறார்கள். அடுத்தது, கணக்கில் வருவது உட்கார்ந்து பார்க்கும் நேரம். பாட்டைப் போட்டுப் பிள்ளைகள் எழுந்து ஆடுவதையும், உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2020இல் வந்த வழிகாட்டுதலில் பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிமிடக் கணக்கு தரவில்லை. வகுப்புக்கென ஒரு எண் வேண்டுமென்றால், 3–4 வயதுக்கு ஓர் அமர்வு 10 நிமிடம், 5–6 வயதுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இது நடைமுறை அனுபவத்தில் வரும் அளவு, மருத்துவ வரம்பு அல்ல.

திரையைப் பார்த்துச் சிறு பிள்ளைகள் கற்பதே இல்லையா?

இரண்டரை வயதுக்குக் கீழே, நேரில் காட்டினால் பிடித்துக்கொள்ளும் ஒன்றை வீடியோவில் காட்டினால் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. ஆய்வாளர்கள் இதைக் காணொளிக் குறைபாடு என்கிறார்கள். மொழி கற்றல் ஆய்வாளர் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசும் பெரியவர்கள் நேரில் பழகியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பற்றிக்கொண்டனர். அதே ஆட்கள் அதே பேச்சை வீடியோவில் பேசியபோது பற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் குறை திரையில் மட்டும் இல்லை. 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றனர். முன்கூட்டியே பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் குழந்தை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்கிறார், பதிவு சொல்வதில்லை என்பதுதான் வேறுபாடு. வகுப்புக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. வீடியோ போட்டுவிட்டு ஆசிரியர் வருகைப் பதிவேடு எழுதப் போனால் கற்றல் அங்கேயே அறுந்துவிடும். 3 நிமிட வீடியோவை இரண்டு இடத்தில் நிறுத்தி "இப்போ என்ன ஆகும்?" என்று கேட்டால் கதை வேறு.

ஆசிரியர்கள் மனமுவந்து ஏற்கும் பயன்பாடுகள் எவை?

பெரும்பாலும் கேமராவும் ஒலிப்பதிவும். பிள்ளை வரைந்த படத்தைப் பற்றி அதுவே பேசுவதை 30 விநாடி பதிவுசெய்து, மூன்று மாதம் கழித்து இன்னொரு பதிவோடு சேர்த்துக் கேட்டால், வாக்கியம் நீண்டிருப்பதும் புதுச் சொற்கள் சேர்ந்திருப்பதும் காதிலேயே தெரியும். எந்த மதிப்பெண் அட்டையும் இதைக் காட்டாது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவிகள். கணினியில் செருகும் சிறு டிஜிட்டல் நுண்ணோக்கியில் இலை நரம்பும் எறும்பின் காலும் பெரிய திரையில் வரும். முதலில் பொருளைக் கையில் கொடுத்துத் தொட்டு, முகர்ந்து, பேசவைத்துவிட்டுப் பிறகு திரைக்குப் போக வேண்டும். முறை மாறினால் பிள்ளைகளுக்கு எறும்பின் மீது இருக்கும் ஆர்வம் திரை மீது போய்விடும்.

விதை முளைப்பதை வேகமாக்கிக் காட்டும் படமும் பலருக்குப் பிடிக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 5 நாளில் 480 படங்கள். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 விநாடிப் படம் கிடைக்கும். கெட்டுப்போகும் இடங்கள் மூன்று: இரவுப் படங்கள் கறுப்பாகி இடையிடையே மின்னும், போன் தானாக வெளிச்சத்தையும் குவியத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும், யாரோ தாங்கியை இடித்துவிடுவார்கள். விளக்கை அணைக்காமல் விடுங்கள், குவியத்தைப் பூட்டுங்கள், தாங்கியின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். இவ்வளவு ஏற்பாடு முடியாதென்றால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் போதும். பிள்ளைகளே முறைவைத்துப் படம் எடுக்கட்டும்.

ஒரு செயலி நல்லதா என்று 15 நிமிடத்தில் சோதிப்பது எப்படி?

முதலில் விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமல் திறக்காத செயலியை வகுப்பில் நம்ப முடியாது. பிறகு இணையத்தோடு திறந்து விளம்பரம், 'வாங்கு' பொத்தான், வெளியே கொண்டுபோகும் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி தட்டுங்கள். அப்படியும் நட்சத்திரமும் கைதட்டலும் வந்தால், பிள்ளை கற்கப்போவது தட்டுவதை மட்டுமே. பின்பு வேண்டுமென்றே தப்பான விடை கொடுங்கள். தப்புக்கு வேடிக்கையான சத்தமோ அசைவோ வந்தால் பிள்ளைகள் அதற்காகவே தப்பு செய்வார்கள். இது வகுப்பில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் வாங்குபவர்களுக்குத் தெரிவதில்லை.

கதைச் செயலியானால், படத்தைத் தொட்டால் நடக்கும் அசைவு கதையோடு ஒட்டியதா என்று கவனியுங்கள். 'யானை தண்ணீரை ஊற்றியது' என்ற பக்கத்தில் தும்பிக்கையைத் தொட்டால் தண்ணீர் கொட்டுவது கதைக்கு உதவும். மேகத்தைத் தொட்டால் பலூன் வெடிப்பது கதையை மறக்கடிக்கும். எழுத்தை விரலால் தடவும் செயலிகளில், எந்தப் பக்கமிருந்து தடவினாலும் ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் எழுத்தின் சுழி பின்னோக்கிப் பதிந்துவிடும். பிறகு பென்சிலில் திருத்துவது பெரும்பாடு.

24 பிள்ளைகள், 3 டேப்லெட். எப்படிச் சமாளிப்பது?

ஆளுக்கொன்று இல்லாதது இந்த வயதில் குறையே இல்லை. ஒரு டேப்லெட்டுக்கு இருவர் என்பதுதான் பேச்சு நடக்கும் அளவு. மூவர் ஆனால் மூன்றாமவர் சலித்துப்போய் இடிக்கத் தொடங்குவார்.

ஆறாறு பேராக நான்கு குழுக்கள், நான்கு மூலைகள், ஒன்றில் மட்டும் டேப்லெட். ஒரு சுற்று 12 நிமிடம், நாளுக்கு இரண்டு சுற்றுகள். முதல் நாள் இரண்டு குழுக்கள் டேப்லெட் மூலைக்கு வரும், மறுநாள் மற்ற இரண்டு. நான்கு நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு முறை, அதாவது வாரத்துக்கு 24 நிமிடம். ஐந்தாம் நாள் கருவி வெளியே வராது.

இருவரில் ஒருவர் தொடுபவர், மற்றவர் சொல்பவர். 6 நிமிடத்தில் மாற வேண்டும். நேரத்தை ஆசிரியர் அறிவிப்பதைவிட மணற்கடிகாரம் அறிவிப்பது நல்லது. பிள்ளைகள் ஆசிரியரிடம் வாதாடுவார்கள், மணலிடம் வாதாட முடியாது. 'இன்னும் இரண்டு நிமிடம்' என்ற முன்னறிவிப்பு இல்லாமல் பிடுங்கினால் அழுகை நிச்சயம். செயலி தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும் வகையானால் முன்னறிவிப்பும் உதவாது. ஒரு வேலை முடிந்ததும் நிற்கும் செயலியே வகுப்புக்கு ஏற்றது.

டேப்லெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஒரு செயலியிலேயே பூட்டிவிடுங்கள். ஐபேடில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் 'கைடட் ஆக்சஸ்' இருக்கும். அதை இயக்கி, கடவுக்குறியீடு வைத்து, வேண்டிய செயலியைத் திறந்து, மேற்பொத்தானை (முகப்புப் பொத்தான் உள்ள மாடலில் அதை) மூன்று முறை அழுத்தினால் பூட்டு விழும். தொடக்கூடாத மூலைகளை விரலால் வட்டமிட்டுச் செயலிழக்கச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் இதற்குச் 'செயலி பின்னிங்' என்ற வசதி. பாதுகாப்பு அமைப்புகளில் தேடுங்கள். 'விடுவிக்க PIN (கடவு எண்) கேட்கவும்' என்பதையும் சேர்த்து இயக்காவிட்டால் 4 வயதுப் பிள்ளை அரை மணியில் வெளியே வந்துவிடும்.

அறிவிப்புகளை அணையுங்கள், தானியங்கிப் புதுப்பிப்பை இரவுக்கு மாற்றுங்கள், ஒலியைப் பாதியில் வையுங்கள். மின்கலம் 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அன்று வெளியே எடுக்க வேண்டாம். சார்ஜர் வயர் தரையில் ஓடும்போது யாராவது தடுக்கி விழுவார்கள். "தொட்டால் வேலை செய்யவில்லை, டீச்சர்" என்ற புகாருக்கு அனேகமாக இரண்டே காரணம்: விரல் ஈரம், அல்லது இன்னொரு கையின் உள்ளங்கை திரையின் ஓரத்தில் பதிந்திருப்பது. மேசையில் படுக்கவைக்காமல் சற்றே சாய்த்து நிறுத்தினால் இரண்டாவது குறையும்.

இந்த வயதில் நிரலாக்கம் (கணினிக்குக் கட்டளைகளைக் கோத்துத் தருவது) தேவையா?

வேலைவாய்ப்புக்காக என்றால் தேவையில்லை. 'முதலில் இது, பிறகு அது' என்று வரிசைப்படுத்துவதும், பிழை எங்கே என்று தேடுவதும்தான் நோக்கம் என்றால் அதற்கு இடம் உண்டு. கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967இல் லோகோ என்னும் நிரல்மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கியதிலிருந்து வரும் எண்ணம் இது. 5–7 வயதுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் என்னும் நிரலாக்கச் செயலி 2014இல் வந்தது; எழுதப் படிக்கத் தெரியாமலே படக்கட்டங்களைக் கோத்துக் கதை செய்யலாம். 3–4 வயதுக்குத் திரையே இல்லாத தரை ரோபோதான் பொருத்தம், ஆசிரியர்களும் இதை எளிதில் ஏற்கிறார்கள்.

பீ-பாட் என்னும் தேனீ ரோபோ ஓர் அழுத்தலுக்கு 15 செ.மீ. நகரும், திரும்பும் பொத்தானுக்கு 90 பாகை திரும்பும். ஆகவே தரையில் 15 செ.மீ. கட்டங்கள் வரைந்தால் போதும், விரிப்பு வாங்க வேண்டியதில்லை. வழக்கமாக வரும் சிக்கல்கள்: பழைய கட்டளையை அழிக்கும் பொத்தானை அழுத்த மறந்தால் புதியவை பழையவற்றின் பின்னால் சேர்ந்துகொள்ளும், ரோபோ 'பைத்தியம் பிடித்ததுபோல்' ஓடும். திரும்பும் பொத்தானை அழுத்தினால் அது பக்கத்துக் கட்டத்துக்குப் போகும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நின்ற இடத்திலேயே திரும்பும், அவ்வளவுதான். ரோபோ தங்களைப் பார்த்து நிற்கும்போது இடம் வலம் குழம்பும். பிள்ளையை எழுந்து ரோபோவின் பின்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். நேராகப் போகாமல் சாய்ந்தால் சக்கரத்தில் நூலோ முடியோ சிக்கியிருக்கும்.

ரோபோவுக்கு முன்னால் ஒரு வாரம், ஒரு பிள்ளை ரோபோவாக நடக்க மற்றவர் அம்புக்குறி அட்டைகளைக் காட்டும் விளையாட்டை ஆடிவிட்டால், மேலே சொன்ன குழப்பங்களில் பாதி வராது.

ஸ்மார்ட் போர்டு (சுவரில் மாட்டும் பெரிய தொடுதிரைப் பலகை) வாங்கலாமா?

ஒருவர் தொட, 23 பேர் பார்க்கும் ஏற்பாடாகவே பெரும்பாலும் முடிகிறது. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டப்படுவதும் வாடிக்கை. புதிதாக வாங்க யோசிப்பவர்கள் அதே பணத்தை நுண்ணோக்கி, ஒலிப்பதிவுக் கருவி, கட்டைகள் என்று பிரிக்கலாம்.

பாதுகாப்பில் எதை மறந்துவிடுகிறார்கள்?

பொத்தான் மின்கலத்தை. பேசும் அட்டை, சிறு ரிமோட், மின்னும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் உண்டாகலாம். மூடி திருகாணியால் இறுக்கப்பட்ட கருவிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஹெட்போன் பற்றி: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் அளவு 75 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி. ஒலி வரம்பு உள்ளதை வாங்குங்கள். அதைவிட, ஹெட்போன் போட்ட இரு பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

பிள்ளைகளின் படங்களை என்ன செய்வது?

ஆசிரியரின் சொந்தப் போனில் எடுக்க வேண்டாம். பள்ளிக் கருவியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். 'படம் எடுக்கச் சம்மதம்' என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்காமல், வகுப்புச் சுவரில் ஒட்ட, பெற்றோருக்கு அனுப்ப, பொதுவெளியில் போட என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்குச் சம்மதித்து மூன்றாவதை மறுக்கும் பெற்றோர் நிறைய. குழுவில் பகிர்ந்த படத்தில் பின்னணியில் நிற்கும் பிள்ளையின் வீட்டார் சம்மதித்தார்களா என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஆண்டு முடிந்ததும் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பயிற்சி எப்படி இருந்தால் ஆசிரியர்களின் எண்ணம் மாறும்?

ஒருநாள் பட்டறை பொத்தான்களைக் கற்றுத்தரும், பாடத்தை அல்ல. கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006இல் விளக்கியபடி பாடப்பொருள், கற்பிக்கும் முறை, கருவி ஆகிய மூன்றும் சந்திக்கும் அறிவு தேவை. அது சொந்த வகுப்பில்தான் வரும். ஆறு வாரத் திட்டம் ஒன்று: முதல் வாரம் எதுவும் வாங்காமல் வகுப்பில் எங்கே இடர்ப்பாடு என்று மட்டும் எழுதுவது. இரண்டாம் வாரம் அவற்றில் ஒன்றுக்குக் கருவி உதவுமா என்று இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பேசுவது. மூன்று முதல் ஐந்தாம் வாரம் வரை ஒரே ஒரு பயன்பாடு. நடுவில் ஒருமுறை மற்றவர் வந்து பார்ப்பது. ஆறாம் வாரம் 'தொடர்வதா, விடுவதா' என்று முடிவு. விடுவது என்று சொல்லும் உரிமை நிஜமாகவே இருந்தால்தான் மனம்திறந்த பதில் வரும்.

ஆசிரியர்களின் கருத்தை அறியக் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

'தொழில்நுட்பம் கற்றலை மேம்படுத்துகிறது – ஒப்புக்கொள்கிறேன் / மறுக்கிறேன்' என்ற வகைக் கேள்விக்கு எல்லாரும் 5க்கு 4 அல்லது 5 போடுவார்கள். மறுத்தால் பழமைவாதி என்று நினைப்பார்களோ என்ற பயம் அதில் இருக்கிறது. அதற்குப் பதில் நடந்ததைக் கேளுங்கள்: 'கடைசியாக நடத்திய ஐந்து வகுப்பு நாட்களில் எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள்? எதற்காக? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' கடைசிக் கேள்வி முக்கியம். ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாரா, வேறு வேலை பார்த்தாரா என்பது அதில் வெளிவரும்.

ஒரு கேள்வியில் இரண்டு விஷயம் வேண்டாம். 'டேப்லெட் பயனுள்ளதும் பாதுகாப்பானதும்' என்றால், பயனுண்டு ஆனால் பாதுகாப்பில்லை என்று நினைப்பவர் எதைக் குறிப்பார்? வயதுப் பிரிவைத் தனித்தனியே கேளுங்கள். 3 வயதுக்கு 'வேண்டாம்' என்பவரே 6 வயதுக்குச் 'சரி' என்பார். தாளைப் பள்ளி முதல்வர் வழியாகத் திரட்டாதீர்கள். முடிந்தால் சில வகுப்புகளில் உட்கார்ந்து பாருங்கள்: தாளில் எழுதியதும் வகுப்பில் நடப்பதும் இரு பக்கமும் விலகும். 'பயன்படுத்துவதில்லை' என்று எழுதியவர் தினமும் பாட்டு போடுவார். அதை அவர் தொழில்நுட்பம் என்றே நினைத்திருக்கமாட்டார்.

பேச்சு வராத பிள்ளை டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசுகிறது. அதற்கும் நேர வரம்பா?

இல்லை. அது அந்தப் பிள்ளையின் குரல். திரை நேரக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அந்தக் கருவியில் விளையாட்டுச் செயலிகளை ஏற்ற வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம், குறும்பு செய்தால் தண்டனையாகப் பிடுங்கவே கூடாது. மின்கலம் தீர்ந்துபோகும் நாளுக்காக அதே படங்களை அச்சிட்டு, லேமினேட் செய்து, அதே வரிசையில் அடுக்கிய அட்டை ஒன்று பிள்ளையின் பையிலும் இன்னொன்று வகுப்பிலும் இருக்கட்டும். டேப்லெட்டில் புதிய சொல் சேர்த்தால் அட்டையிலும் அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள்.